'நீரில் கரையாது' என்று தாளில் இருந்தால் வாவிக்கு ஆபத்தில்லை என்று எழுதிவிடலாமா?

வாவிக்கரைப்பட்டறை | செவ்வாய், இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவியோரத்தில் ஃபைபர் படகு கட்டும் பட்டறை ஒன்றில் களஞ்சியமும் கணக்கும் என் பொறுப்பு. சில மாதங்களாகப் புதிய பொருள் ஒன்று பீப்பாயில் வருகிறது. தேன் பதம், மஞ்சள் நிறம். பிசினோடு சிறிது சேர்த்தால் மேற்பூச்சில் வெடிப்பு விழாது என்கிறார்கள். பொருளின் பெயரையும் அனுப்புகிறவர்களின் பெயரையும் இங்கே போட மாட்டேன். எனக்கு வேலை முக்கியம்.

சென்ற மாரியில் வாவி பெருகி, களஞ்சியத்துக்குள் முழங்காலளவு தண்ணீர் வந்தது. ஒரு பீப்பாயின் மூடி சரியாக இறுகியிருக்கவில்லை. எவ்வளவு வெளியே போனது என்று யாரும் அளக்கவில்லை. ஆனால் தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சுவரில் ஒரு மஞ்சள் கோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலாளியிடம் காட்டினேன். "அது தண்ணீரில் கரையாத சாமான், தம்பி. கரையாவிட்டால் மீனுக்கு என்ன செய்யும்?" என்றார்.

இப்போது சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும் நேரம். நாங்கள் வைத்திருக்கும் இரசாயனங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே நீர்வாழ் உயிர்களுக்கு ஆபத்தா என்று ஒரு வரி எழுத வேண்டும். இந்தப் பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாளில் இருப்பது இவ்வளவுதான்:

நீரில் கரைதிறன்: லீற்றருக்கு 0.05 மில்லிகிராமுக்குக் குறைவு
ஒக்டனோல்–நீர் பங்கீட்டுக் குணகத்தின் மடக்கை: 5.8
மீன், 96 மணி நேரம், எல்.சி.50: லீற்றருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல்
டாப்னியா (நீர்த்தெள்ளு எனும் சிறு நீர் உயிர்), 48 மணி நேரம்: 100 மில்லிகிராமுக்கு மேல்
உயிரியல் சிதைவு: 28 நாளில் 11 சதவீதம்
முடிவு: சூழலுக்கு ஆபத்தானதாக வகைப்படுத்தப்படவில்லை

"இல்லை" என்று எழுதிவிடலாமா?

எதிர்க்கேள்வி | செவ்வாய், இரவு 9.32

எழுதிவிடுங்கள். தாளிலேயே முடிவு இருக்கிறது. எல்.சி.50, அதாவது பாதி மீன்களைக் கொல்லும் செறிவு, நூறுக்கு மேல் என்றால் இரசாயனங்களை வகைப்படுத்தும் உலக ஒத்திசைவு முறையில் குறுங்கால நச்சுப் பிரிவு எதிலும் அது விழாது. ஒன்று வரை முதலாம் பிரிவு, பத்து வரை இரண்டாம் பிரிவு, நூறு வரை மூன்றாம் பிரிவு. அதற்கு மேல் பிரிவு கிடையாது.

கல்முனையில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். தாளை ஒழுங்காக வாசித்தாலே பாதிப் பயம் போய்விடும்.

நீர்த்தெள்ளு | செவ்வாய், இரவு 10.47

சேர், தாளை ஒழுங்காகத்தான் வாசிக்க வேண்டும். முதல் வரியையும் மூன்றாம் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

ஒரு லீற்றர் நீர் இந்தப் பொருளில் 0.05 மில்லிகிராமைக்கூட ஏற்றுக்கொள்ளாது. ஆனால் நூறு மில்லிகிராம் இருந்த நீரில் மீன் சாகவில்லை என்கிறது அடுத்த வரி. இரண்டாயிரம் மடங்கு வித்தியாசம். அம்பிளாந்துறைக்குப் போகும் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவைப் படகில், ஒருவருக்குத்தான் இடம் என்று ஓட்டுபவரே சொல்கிறார். பிறகு, இரண்டாயிரம் பேரை ஏற்றிக்கொண்டு போனேன், ஒருவரும் மூழ்கவில்லை என்கிறார். மிச்சப் பேர் எங்கே நின்றார்கள் என்று கேட்க மாட்டீர்களா?

மிச்சம் எங்கே நின்றிருக்கும் என்று நான் சொல்கிறேன். ஆறு வருடம் இப்படியான பரிசோதனைகள் செய்யும் ஆய்வுகூடத்தில் வேலை செய்திருக்கிறேன். கொஞ்சம் மேலே படலமாக மிதக்கும். கொஞ்சம் அடியில் துளித் துளியாக உட்காரும். நிறைய கண்ணாடித் தொட்டியின் சுவரில் ஒட்டும். உங்கள் களஞ்சியச் சுவரில் மஞ்சள் கோடாக ஒட்டியிருப்பது போலத்தான், தம்பி. மீன் நடுவில் ஏறக்குறைய வெறும் தண்ணீரில் நீந்திக்கொண்டிருக்கும். 96 மணி நேரம் கழித்து "சாகவில்லை" என்று குறித்துக்கொள்வார்கள். அந்த எண் மீனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எவ்வளவு கொட்டினார்கள் என்பதை மட்டுமே சொல்கிறது.

எதிர்ப்பக்கமும் நடக்கும். கரையாத துளி டாப்னியாவின் மேல் ஒட்டிக்கொண்டால் அந்தச் சிற்றுயிர் நீர்மட்டத்தில் சிக்கி அசையாமல் கிடக்கும். மீனின் செவுளில் பூச்சுப் பிடித்தால் மூச்சு முட்டும். நச்சே இல்லாத பொருள்கூட இப்படிக் கொல்லும். ஆகவே கரைதிறனைத் தாண்டிய செறிவில் செய்த பரிசோதனை, உயிர் பிழைத்தது என்றாலும் செத்தது என்றாலும், நம்பத்தகாதது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு இப்படி முரண்டுபிடிக்கும் பொருள்களுக்கென்றே 23ஆம் இலக்க வழிகாட்டியை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2019இல் அதைத் திருத்தியது.

தம்பி, அனுப்புகிறவர்களிடம் இவற்றைக் கேளுங்கள். நூறு என்பது நீரில் அளந்த செறிவா, தொட்டியில் போட்ட அளவா? கரைப்பான் சேர்த்தார்களா, சேர்த்தால் எவ்வளவு? லீற்றருக்கு 0.1 மில்லிலீற்றருக்கு மேல் சேர்க்கக் கூடாது. நீர் தெளிவாக இருந்ததா, கலங்கலா, மேலே படலம் இருந்ததா? நான்கு நாளைக்கு மேல் ஓடிய நீண்டகாலப் பரிசோதனை ஏதாவது உண்டா? பதில் வரும்வரை "இல்லை" என்று எழுத வேண்டாம்.

வட்டைவிதானை | புதன், காலை 5.55

அஸ்ஸலாமு அலைக்கும். சம்மாந்துறையில் இருந்து எழுதுகிறேன். வட்டைக்குப் போவதற்கு முன்னர் இதைக் கேட்டுவிட்டுப் போகிறேன்.

நாங்கள் வயலுக்கு விசிறும் பூச்சி மருந்துகள் சிலவற்றின் போத்தலிலும் நீரில் கரையாது என்று இருக்கிறது. ஆனால் தொட்டியில் ஊற்றியவுடன் தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாகிவிடும். முழுதாகக் கரைந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? மருந்து விசிறிய பின் வரம்பை வெட்டிவிட்டால் வடிச்சலில் குஞ்சு மீன் மிதப்பதையும் கண்டிருக்கிறேன். கரையாத சாமான் மீனைக் கொல்லாது என்றால் அது எப்படி?

நீர்த்தெள்ளு | புதன், மதியம் 12.20

வஅலைக்கும் ஸலாம், காக்கா. இந்த இழையில் மிக நல்ல கேள்வி உங்களுடையது.

பால் வெள்ளையாவது கரைந்ததற்கு அடையாளம் இல்லை, கரையாததற்குத்தான். உண்மையாகக் கரைந்தால் சீனித் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். போத்தலுக்குள் மருந்தோடு எண்ணெய்க் கரைப்பானும் குழம்பாக்கியும் இருக்கின்றன. தண்ணீரில் பட்டவுடன் கோடிக்கணக்கான நுண்துளிகளாக உடைகின்றன. அந்தத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. தேங்காய்ப்பால் வெள்ளையாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

இனிக் குஞ்சு மீன். பைரெத்ரொயிட் வகைப் பூச்சி மருந்தான சைபர்மெத்ரினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கரைதிறன் லீற்றருக்கு ஏறத்தாழ 4 மைக்ரோகிராம், அதாவது மில்லிகிராமின் ஆயிரத்தில் நான்கு பங்கு. ஆனால் ட்ரவுட் போன்ற மீனைக் கொல்ல ஒன்றிரண்டு மைக்ரோகிராமே போதும். டாப்னியாவுக்கும் இறால் இனங்களுக்கும் ஒரு மைக்ரோகிராம்கூடத் தேவையில்லை. கரையாத பொருள் என்கிறோம். கரைகிற அந்தத் துளியே கொல்லப் போதுமானதாக இருந்தால், கரையாதது என்று சொல்லி என்ன பயன்?

இந்த மருந்துகள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வதால், பரிசோதனையில் போட்ட அளவும் நீரில் மீனுக்குக் கிடைத்த அளவும் ஒருபோதும் ஒத்துவராது. காலையில் ஊற்றியதில் பாதியைக்கூட மாலையில் அளக்க முடியாமல் தலையில் கைவைத்து உட்கார்ந்த நாட்கள் எனக்கு நிறைய உண்டு. அதனால்தான் நீரைத் திரும்பத் திரும்ப மாற்றுகிறோம், அல்லது தொடர்ந்து ஓடவிடுகிறோம். ஒவ்வொரு முறையும் அளக்கிறோம்.

எதிர்க்கேள்வி | புதன், மாலை 6.05

பூச்சியைக் கொல்லவே செய்த மருந்தையும் படகுப் பூச்சில் சேர்க்கும் பொருளையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். மெழுகுதிரி கரையாது. பொலித்தீன் கரையாது. பாசிக்குடா மணலும் கரையாது. எல்லாவற்றுக்கும் ஆய்வுகூடம் திறக்கலாமா?

இரண்டாவது, வாவி 50 கிலோமீற்றருக்கு மேல் நீளமானது. மாரியில் முகத்துவாரம் வெட்டினால் வெள்ளம் கடலுக்குப் பாய்ந்துவிடும். ஒரு பீப்பாயின் விளிம்பில் கசிந்தது அவ்வளவு நீரில் எந்த மூலைக்கு? நிம்மதியாக இருக்கிறவர்களைப் பயமுறுத்த வேண்டாம்.

தூண்டில்காரன் | புதன், மாலை 6.41

சேர் சொல்கிற கணக்கு நீருக்குச் சரி. நாங்கள் நீரைச் சாப்பிடுவதில்லை. இறாலும் நண்டும் கெளிறும் சேற்றைக் கிண்டித்தான் தின்கின்றன. எண்ணெய்ப் பசை சேற்றில் இருந்தால் காலில் மிதித்தவுடனே தெரியும். வெள்ளம் போய்விடும், சேறு போகாது.

நீர்த்தெள்ளு | புதன், இரவு 9.58

தூண்டில்காரன் அண்ணன் இரண்டு வரியில் சொன்னதைத்தான் நான் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன்.

சேர், கரைகிற பொருளுக்குத்தான் உங்கள் கணக்குப் பொருந்தும். உப்பை வாவியில் கொட்டினால் பரவும், ஐதாகும், முகத்துவாரத்தால் போய்விடும். கரையாத பொருள் ஐதாகாது. கரையோரத்துச் சேதனச் சேற்றில் ஒட்டிக்கொண்டு, கொட்டிய இடத்திலேயே உட்காரும். நம் வாவி ஆழமில்லாதது. கச்சான் காற்று அடித்தால் அடிச்சேறு கலங்கி மேலே வரும், பிறகு திரும்ப உட்காரும். கோடையில் வாவி உவர்ப்பாகும்போது இப்படியான பொருள்கள் இன்னும் குறைவாகவே கரையும், ஆகவே இன்னும் கூடுதலாகச் சேற்றுக்கே போகும். முதலாளி கவலைப்படாமல் இருப்பதற்குச் சொன்ன காரணமே நான் கவலைப்படுவதற்கான காரணம்.

இதற்காகத்தான் நீரில் நீந்தும் உயிர்களோடு நிறுத்தாமல் அடையலில், அதாவது அடிச்சேற்றில், வாழும் உயிர்களையும் சோதிக்கிறோம். இரத்தப்புழு என்று அலங்கார மீன் வளர்ப்பவர்கள் வாங்குகிறார்களே, கடிக்காத ஒரு பூச்சியின் சிவப்புக் குடம்பி, அதைச் சேற்றில் வளர்த்து, எத்தனை பூச்சி பறந்து வெளியே வருகிறது என்று எண்ணுவோம். சேற்றையே விழுங்கும் மண்புழு வகை ஒன்றையும் 28 நாள் வைத்துப் பார்ப்போம். அந்த மஞ்சள் பொருளுக்கு இவற்றில் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள் என்று பந்தயம் கட்டத் தயார்.

மெழுகு விடயத்தில் சேர் சொல்வது நியாயம். கரையாததெல்லாம் நஞ்சில்லை. மூலக்கூறு மிகப் பெரிதானால் செவுளையும் குடலையும் தாண்டி உடலுக்குள் நுழையவே முடியாது. மடக்கை எண் ஒன்பது, பத்து என்று போனால் உடலில் சேர்வதும் குறைந்துவிடும். ஆனால் இங்கே எண் 5.8. சேர்வதற்கு மிகவும் வாய்ப்பான இடத்தில் வந்து நிற்கிறது.

வாவிக்கரைப்பட்டறை | வியாழன், காலை 8.15

அக்கா, அந்த 5.8 என்ன என்று எனக்கு விளங்கவில்லை. நான் வணிகப் பிரிவில் படித்தவன்.

எதிர்க்கேள்வி | வியாழன், காலை 8.40

இதை நான் சொல்கிறேன், என் பாடம். ஒரு குடுவையில் நீரையும் ஒக்டனோல் என்ற கொழுப்புத் தன்மையுள்ள மதுசாரத்தையும் ஊற்றிப் பொருளைப் போடுங்கள். இரண்டிலும் அது எந்த விகிதத்தில் பிரிந்து நிற்கிறது என்று அளந்து, மடக்கை எடுங்கள். 5.8 என்றால் நீரில் ஒரு பங்கு நிற்கும்போது ஒக்டனோலில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட பங்கு நிற்கிறது. ஒக்டனோல் மீனின் கொழுப்புக்குப் பதிலாள். நீரை விட்டு ஓடிப்போய்க் கொழுப்பில் குடியேறும் பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. மீன் குடுவை இல்லை. அதற்கு ஈரல் இருக்கிறது. உள்ளே போனதை உடைத்து வெளியேற்றும் மீனில், குணகம் சொல்லும் அளவுக்குச் சேராது. விதானைக் காக்கா விசிறும் பைரெத்ரொயிட் மருந்துகள்கூட இந்த எண் சொல்வதைவிடக் குறைவாகத்தான் மீனில் சேர்கின்றன. எண்ணைப் பார்த்தவுடன் தீர்ப்பு எழுத வேண்டாம்.

கல்லடி ஓய்வாளர் | வியாழன், முற்பகல் 11.30

பிள்ளைகளே, இந்தக் கிழவனும் ஒன்று சொல்லலாமா. மலேரியாத் தடுப்பு இயக்கத்தில் இளம் வயதில் வீடு வீடாக டி.டி.ரி. (DDT) அடித்தவன் நான். வாளியில் தூளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெற்றிலை போடக் கையை எடுத்தால் அடியில் உட்கார்ந்துவிடும். அடித்த சுவரில் வெள்ளைத் தழும்பு மாதக் கணக்கில் நிற்கும். வீட்டுக்காரிகள் திட்டுவார்கள். கரையாததுதான் அதன் திறமை என்று மேலதிகாரி சொல்வார். கரைந்தால் சுவரில் நிற்காதே.

அந்த மருந்து உயிர்களைக் காப்பாற்றியது, அதை மறைக்க மாட்டேன். 1963இல் இலங்கை முழுவதிலும் 17 மலேரியா நோயாளிகள்தான் பதிவாயினர். பிறகு கைவிட்டோம், 1968, 69இல் ஐந்து இலட்சம் பேருக்கு மேல் படுத்தார்கள். 2016இல்தான் மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்று உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து கிடைத்தது. ஆனால் அந்தச் சாமான் கொழுப்பில் போய்ச் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கை கழுவச் சவர்க்காரம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

நீர்த்தெள்ளு | வியாழன், மதியம் 1.05

ஐயா, நன்றி. அதன் நெருங்கிய உறவான டி.டி.டி.யை (DDD) கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் 1949இல் கடிக்காத ஒரு சிறு பூச்சியை ஒழிக்க ஊற்றினார்கள். ஏழு கோடி பங்கு நீருக்கு ஒரு பங்கு மருந்து, அவ்வளவு ஐது. 1954இலும் 1957இலும் திரும்ப ஊற்றினார்கள். பிறகு மீன் தின்னும் முக்குளிப்பான் பறவைகள் கூட்டமாகச் செத்தன. அவற்றின் கொழுப்பில் பத்து இலட்சத்துக்கு 1,600 பங்கு இருந்தது. அந்த ஏரி நீரை மட்டும் அளந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் தாளில் எழுதியிருப்பார்கள்.

ஒலுவில் மாணவி | வியாழன், இரவு 8.22

எனக்கு ஒரு சந்தேகம். 2020 செப்டெம்பரில் நியூ டயமண்ட் கப்பல் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பிடித்தபோது நாங்கள் எல்லோரும் கடற்கரையில் நின்று பயந்தோம். இரண்டு இலட்சத்து எழுபதாயிரம் தொன் மசகு எண்ணெய் (சுத்திகரிக்காத கச்சா எண்ணெய்) அதில் இருந்தது. நல்லவேளை, அது கசியவில்லை, கப்பலின் சொந்த எரிபொருள்தான் படலமாகப் பரவியது. மசகு எண்ணெய் ஒரு பொருளே இல்லை, ஆயிரக்கணக்கான பொருள்களின் கலவை. அதற்குக் கரைதிறன் என்று எந்த எண்ணைச் சொல்வது? எப்படிச் சோதிப்பார்கள்?

நீர்த்தெள்ளு | வியாழன், இரவு 10.10

தங்கச்சி, கலவைக்கு ஒரே கரைதிறன் கிடையாது. ஒவ்வொரு கூறும் தன்பாட்டில் கரையும். ஆகவே எண்ணெயைத் தண்ணீரின் மேல் விட்டு, மூடிய பாத்திரத்தில், சுழி விழாத அளவுக்கு மெதுவாக ஒரு நாளோ இரண்டு நாளோ கிண்டுவார்கள். வேகமாகக் கிண்டினால் விதானைக் காக்காவின் பால்தான் கிடைக்கும். பிறகு அசையாமல் நிற்கவிட்டு, மேற்படலத்தைத் தொடாமல் அடியிலிருந்து நீரைக் குழாயால் எடுப்பார்கள். எண்ணெயோடு பழகிய நீர் என்று நாங்கள் அதைச் சொல்வோம். அந்த நீரில்தான் மீனை விடுவார்கள். விடையைச் செறிவாகச் சொல்லாமல், லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் எண்ணெய் போட்டுப் பழக்கிய நீர் என்று சொல்வார்கள். ஒவ்வோர் அளவுக்கும் தனிப் பாத்திரம். ஒன்றைச் செய்து அதையே ஐதாக்கக் கூடாது, ஏனென்றால் கூறுகளின் விகிதம் மாறிவிடும்.

தனிப் பொருளுக்கு இந்த முறை தேவையில்லை. நிரம்பல் கரைசல் செய்து, உண்மையில் கரைந்திருப்பதை அளந்தால் போதும். இப்போதெல்லாம் சிலிக்கனில் பொருளை ஏற்றி நீரில் வைத்துவிடுகிறார்கள். நீரில் குறையக் குறைய அது கசியவிட்டுச் சமப்படுத்தும். எங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் நான் இன்னும் அந்த ஆய்வுகூடத்திலேயே இருந்திருப்பேன்.

வாவிக்கரைப்பட்டறை | அடுத்த செவ்வாய், மாலை 4.35

பதில் வந்துவிட்டது. முதலில் "தாளில் இருப்பதே போதும்" என்றார்கள். நீங்கள் எழுதிய கேள்விகளை அப்படியே திரும்ப அனுப்பினேன். பரிசோதனை அறிக்கையின் சுருக்கத்தை ஒருவாறு அனுப்பினார்கள். சாரம் இது:

நூறு என்பது தொட்டியில் போட்ட அளவு. நீரில் அளக்கவில்லை. "நீர்மட்டத்தில் எண்ணெய்த் துளிகள் காணப்பட்டன" என்று ஒரு வரி இருக்கிறது. கரைப்பான் சேர்க்கவில்லை. நீண்டகாலப் பரிசோதனை இல்லை. மீனில் சேர்வதைப் பார்க்கவில்லை. அடையல் என்ற சொல்லே அறிக்கையில் இல்லை. அக்கா பந்தயத்தில் வென்றார்.

சிதைவுப் பரிசோதனை பற்றியும் கேட்டிருந்தேன். 11 சதவீதம் என்பது ஒட்சிசன் செலவை அளந்து எடுத்ததாம்.

நீர்த்தெள்ளு | அடுத்த செவ்வாய், இரவு 9.15

ஒட்சிசனை அளந்தது சரியான முறை. கரைந்த சேதனக் காபன் குறைவதை அளக்கும் முறைகளை இப்படியான பொருளுக்குப் பயன்படுத்தக் கூடாது. கரையாத பொருள் சுவரில் ஒட்டினாலே "காபன் குறைந்துவிட்டது" என்று காட்டும். ஒட்சிசன் முறையில் தேற 60 சதவீதம் வேண்டும். 11 போதவே போதாது. பொருள் துளியாகக் கிடந்ததால் கிருமிகளுக்குக் கிடைக்கவில்லை என்று வாதிடலாம், ஆனால் வாவியிலும் அது துளியாகத்தான் கிடக்கப்போகிறது.

இனிக் கேளுங்கள். உலக ஒத்திசைவு முறையில் நீர்வாழ் உயிர்களுக்கான நீண்டகால ஆபத்து நான்காம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அரிதாகக் கரைகிற பொருள்களுக்காகவே விரித்து வைத்த வலை அது. கரைதிறன் எல்லைவரை குறுங்கால நச்சு தெரியவில்லை, விரைவில் சிதையவும் இல்லை, குணகத்தின் மடக்கை 4 அல்லது அதற்கு மேல். மூன்றும் சேர்ந்தால் அந்தப் பிரிவு. உங்கள் தாளில் மூன்றும் இருக்கின்றன. "வகைப்படுத்தப்படவில்லை" என்பது தவறு. "நீர்வாழ் உயிர்களுக்கு நீண்டகாலத் தீங்கு விளைவிக்கக்கூடும்" என்ற வாசகம் அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஏன் யாருக்கும் உறைக்கவில்லை என்றும் சொல்கிறேன். இந்தப் பிரிவுக்குச் செத்த மீனும் பட்ட மரமும் உள்ள அந்தப் படம் கிடையாது. எச்சரிக்கைச் சொல்லும் கிடையாது. ஒரு வரி வாசகம் மட்டுமே. பீப்பாயில் படம் இல்லாவிட்டால் நம் ஊரில் அது தேங்காயெண்ணெய்க்குச் சமம்.

நான்கு நாள் மீன் பரிசோதனை இப்படியான பொருளுக்கு ஏன் போதாது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். இவ்வளவு குறைவாகக் கரையும் பொருள் செவுள் வழியாக மெதுவாகவே ஏறும். உடலில் நிரம்ப வாரங்கள் எடுக்கும். 96 மணியில் மீன் இன்னும் வழியில்தான் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் என்ற இரசாயனச் சட்டம், நீரில் அரிதாகக் கரையும் பொருளுக்குக் குறுங்காலப் பரிசோதனையோடு நிற்காமல் நீண்டகாலப் பரிசோதனையை எண்ணிப்பார்க்கச் சொல்வது அதனால்தான். டாப்னியாவை 21 நாள் வைத்து, எத்தனை குஞ்சு பொரிக்கிறது என்று எண்ண வேண்டும்.

எதிர்க்கேள்வி | அடுத்த செவ்வாய், இரவு 10.50

விதிகள் அடங்கிய அந்த ஊதா அட்டை நூலை எடுத்துப் பார்த்தேன். நான்காம் பிரிவு நீர்த்தெள்ளு சொன்னபடியே இருக்கிறது. முதல் நாள் "எழுதிவிடுங்கள்" என்றது என் அவசரம். குறுங்காலப் பட்டியலோடு நின்றுவிட்டேன்.

ஆனால் அதே பக்கத்தில் விலக்கும் இருக்கிறது. மீனில் சேரும் காரணி (நீரில் உள்ளதைப்போல் எத்தனை மடங்கு மீனில் சேர்கிறது என்பது) 500க்குக் குறைவு என்று சோதித்துக் காட்டினாலோ, நீண்டகாலப் பரிசோதனையில் பாதிப்பில்லை என்று காட்டினாலோ, விரைவில் சிதைகிறது என்று நிறுவினாலோ அந்தப் பிரிவை நீக்கலாம். அதைக் காட்ட வேண்டியது விற்கிறவர் பொறுப்பு. தம்பி பட்டியலில் "நஞ்சு" என்று எழுதினால் அதுவும் தவறு. நஞ்சு என்று யாரும் இன்னும் காட்டவில்லை.

நீர்த்தெள்ளு | அடுத்த செவ்வாய், இரவு 10.58

முழுதாக உடன்படுகிறேன், சேர்.

வட்டைவிதானை | புதன், காலை 5.40

மாஷா அல்லாஹ், சேர் ஒத்துக்கொண்டார். அடுத்த போகத்தில் மருந்து விசிறினால் சில நாளைக்கு வரம்பை வெட்டாமல் தண்ணீரைக் கட்டிவைக்கலாம் என்று நினைக்கிறேன். மருந்து வயல் சேற்றோடு நின்றுவிடும் இல்லையா?

நீர்த்தெள்ளு | புதன், காலை 7.02

நிற்கும், காக்கா. வடிச்சலில் மீனுக்கு அது பெரிய உதவி. ஆனால் உங்கள் வயலுக்குள் இருக்கும் சிலந்தியும் நீர்ப்பூச்சியும் தப்பாது. அவைதான் நெற்பயிரைத் தாக்கும் அறக்கொட்டியை, அதாவது கபிலத் தத்தியை, தின்கின்றன. பைரெத்ரொயிட் விசிறிய வயலில் கபிலத் தத்தி இரட்டிப்பாகத் திரும்பி வருவதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு விசிறும் 57 மருந்துகளை ஒரே ஆணையில் தடைசெய்தது அதனால்தான். விசிறுவதற்கு முன்னர் விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்குத் தனி இழை திறப்போம்.

வாவிக்கரைப்பட்டறை | புதன், இரவு 8.30

பட்டியலில் இப்படி எழுதினேன்: "நீரில் மிக அரிதாகக் கரையும். விரைவில் சிதையாது. உயிரினங்களில் சேரக்கூடும். நீர்வாழ் உயிர்களுக்கு நீண்டகாலத் தீங்கு விளைவிக்கக்கூடும். நீண்டகாலப் பரிசோதனைத் தரவு விநியோகத்தரிடம் கேட்கப்பட்டுள்ளது." முதலாளி இரண்டு தடவை வாசித்தார். "அனுமதிப்பத்திரம் கிடைக்காவிட்டால் நீதான் பொறுப்பு" என்றார். பிறகு, ஆச்சரியம், பீப்பாய்களை வைக்க இரண்டடி உயரத்துக்குச் சீமெந்து மேடையும் சுற்றிவர ஒரு சிறு கட்டும் கட்ட மேசனைக் கூப்பிட்டிருக்கிறார். பொருள் வீணாகப் போனது அவருக்கு வலித்திருக்கலாம். காரணம் எதுவானாலும் மேடை எழும்புகிறது.

சுவரில் இருந்த கோட்டை மரத்தூள் போட்டுத் துடைத்து, தூளை மூடியுள்ள வாளியில் சேர்த்து வைத்திருக்கிறோம். சவர்க்காரம் போட்டுக் கழுவவில்லை.

நீர்த்தெள்ளு | புதன், இரவு 8.44

கழுவாதது மிக நல்ல வேலை. சவர்க்காரம் அதைக் குழம்பாக்கி நேரே வாவிக்கு அனுப்பியிருக்கும்.

தூண்டில்காரன் | புதன், இரவு 9.20

தம்பி, ஒரு கேள்வி. வெறும் பீப்பாய்களை என்ன செய்கிறீர்கள்? எங்கள் துறையில் மஞ்சள் படிந்த இரண்டு பீப்பாய்கள் நிற்கின்றன. உங்கள் பக்கத்துப் பட்டறை ஒன்றிலிருந்து வாங்கியதாகத்தான் சொன்னார்கள். ஒன்றில் இறால் கழுவத் தண்ணீர் பிடித்து வைக்கிறோம்.

வாவிக்கரைப்பட்டறை | புதன், இரவு 9.23

அண்ணன், அதிலிருந்து இனி எதையும் கழுவ வேண்டாம். தண்ணீரை வாவியில் ஊற்றவும் வேண்டாம், அப்படியே மூடி வையுங்கள். எந்தத் துறை என்று தனிமடலில் சொல்லுங்கள். காலையில் லொறியோடு வருகிறேன்.